சலவை யார்டைச் சொந்தக் கையால் சீரமைத்த ஒரு குடும்பம்: குளுகோர் அடுக்குமாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவின் குளுகோர் வட்டாரத்தில், நடு மாடியில் உள்ள ஒரு சின்ன வீட்டில் நடந்தது இது. கட்டடப் பராமரிப்பு என் தொழில். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்ட பிறகு அந்த அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம் என்னை ஆய்வுக்கு அழைத்தது. அங்கிருந்து வேலை முடியும்வரை கூடவே இருந்தேன். அதற்கு முன் நடந்ததை இரண்டு குடும்பங்களும் சொல்லக் கேட்டும், அவர்கள் கைப்பேசியில் இருந்த படங்களைப் பார்த்தும் எழுதுகிறேன். இரு வீட்டாரும் சம்மதித்திருக்கிறார்கள். பெயர், புளோக், மாடி எண் எதையும் தரவில்லை.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. அடுக்குமாடி வீட்டில் தண்ணீர், மின்சாரம், கேஸ் மூன்றும் கை நீட்டும் தூரத்தில் கூடும் இடம் பின்பக்க யார்டு. ஹாலில் ஒரு வேலை பிசகினால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். யார்டில் பிசகினால் அது இன்னொருவர் வீட்டில் போய்ச் சொட்டும்.

வீடும் குடும்பமும்

வீடு 650 சதுர அடி, மூன்று அறை. 1990களில் கட்டிய அடுக்குமாடி. சமையலறைக்குப் பின்னால் நான்கடி அகலம், ஏழடி நீளத்தில் யார்டு. வெளிப்பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் இரும்புக் கம்பி. சுவரின் அடியில் காற்றுக்காக விட்ட துவாரங்கள். சமையலறைத் தரையைவிட யார்டுத் தரை இரண்டு அங்குலம் தாழ்வு. தரையின் ஒரு மூலையில் ஃப்ளோர் டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும், வளைவுக் குழாயோடு கூடிய வாய்), எதிர்மூலையில் 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்). நடுவில் பழைய மேல்திறப்பு வாஷிங் மெஷின், தாழ்வான ஒரு குழாய், அதன் கீழே ஒரு துவைகல்.

கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளி போகும் இரண்டு பிள்ளைகள். கணவரின் அம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. மூட்டு வலி இருந்தாலும் தன் சேலைகளையும் சாமி அறைத் துணிகளையும் மெஷினில் போட மாட்டார், அந்தத் துவைகல்லில்தான் துவைப்பார்.

பழைய மெஷின் மோட்டார் போனது. அதே சமயம் மனைவியின் அண்ணன் ஜொகூருக்கு வீடு மாறிப் போகையில், தன்னுடைய எட்டுக் கிலோ முன்திறப்பு மெஷினைத் தங்கைக்குக் கொடுத்தார். மெஷின் வருகிறதே, யார்டையே ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று பேச்சு வந்தது. மழை கம்பி வழியாக உள்ளே அடித்தது. சோப்புப் பொடி நனைந்து கட்டியானது. பழைய டைல்ஸ் மங்கி, இடைக்கோடுகள் கறுத்திருந்தன. ஒரு குத்தகையாளர் வந்து பார்த்துவிட்டு 7,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். அந்தத் தொகை கையில் இல்லை. கணவருக்குக் கைவேலை தெரியும். வீட்டுக் குழாய்களை அவரே மாற்றியவர், தம்பி வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியவர். ஆண்டு இறுதி விடுமுறையில் தானே செய்வது என்று முடிவெடுத்தார்.

முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்து முடித்த வேலையைப் பார்த்தபோது கைநேர்த்தி எனக்கு வியப்பாகவே இருந்தது. டைல்ஸ் கோடுகள் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தன. பிசகு டைல்ஸுக்கு மேலே இல்லை, அடியில் இருந்தது.

முதல் சீரமைப்பு

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதையும் சேர்த்தே பதிகிறேன்.

பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினார். உடைத்தால் சத்தம், தூசி, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு. உடைக்காவிட்டால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றும் நினைத்திருந்தார். பசையும் புது டைல்ஸும் சேர்ந்து தரை உயர்ந்தது. சமையலறைக்கும் யார்டுக்கும் இடையே இருந்த இரண்டு அங்குலப் படி ஏறத்தாழ ஓர் அங்குலமாகச் சுருங்கியது. டிராப்பின் வாய் இப்போது புதுத் தரைக்குக் கீழே போய்விட்டது. அந்த இடைவெளியை டைல்ஸ் சிமெண்டால் பூசி மட்டப்படுத்தினார்.

மெஷினின் கழிவுநீர்க் குழாய் நீளம் போதவில்லை. பின்பக்கக் கொக்கியிலிருந்து அதை எடுத்து, தரையோடு படுக்க வைத்து, முனையை டிராப்புக்குள் செருகினார். கரப்பான் ஏறாமல், நாற்றம் வராமல் இருக்கக் குழாயைச் சுற்றிச் சிலிக்கோன் போட்டு அடைத்தார்.

மின்சாரத்துக்குச் சமையலறை சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர், சுவரில் துளை போட்டு யார்டுக்கு வந்தது. அதே சாக்கெட்டில்தான் கெட்டிலும் ரைஸ் குக்கரும். மழைக்குக் கம்பியின் உட்புறம் முழு நீளத்துக்கும் நகரும் கண்ணாடி ஜன்னல். சோப்பு, பிளீச் வைக்கச் சிப்போர்டில் தரையிலிருந்து எழும் அலமாரி. அது சுவரடித் துவாரங்களை மறைத்துக்கொண்டு நின்றது. கேஸ் தோம்பு அந்த அலமாரிக்குள் போனது. துவைகல்லும் தாழ்வான குழாயும் எடுக்கப்பட்டன, மெஷினுக்கு இடம் வேண்டுமே. அம்மா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. தன் துணிகளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

செலவு ஏறத்தாழ 3,100 வெள்ளி. தைப்பொங்கலுக்கு வந்த உறவினர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த மூன்று மாதத்தில் தெரிந்தவை

முதலில் தொல்லை கொடுத்தது மெஷின். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய துவைப்பு இரண்டு மூன்று மணி நேரம் ஓடியது. சில நாள் பாதியில் நின்று பிழை எண் காட்டியது. துணியில் அழுக்குப் போகவில்லை, தண்ணீர்க் கட்டணமோ ஏறியது. அண்ணன் தந்தது ஏற்கனவே ஓடிய மெஷின், வயதாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்திறப்பு மெஷினின் பம்பு தண்ணீரை வெளியே தள்ளுமே தவிர, மூடிபோல் தடுத்து நிறுத்தாது. தொட்டியில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம், கழிவுநீர்க் குழாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உயர்ந்து பிறகு இறங்குவதுதான். அதனால்தான் குழாயின் உச்சி தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்று பெரும்பாலான மெஷின்களின் கையேடுகளில் போட்டிருக்கும். குழாயைத் தரையில் படுக்க வைத்தால் உள்ளே வரும் தண்ணீர் சோப்போடு சேர்ந்து தானாகவே வெளியே ஓடிவிடும். தண்ணீர் இன்னும் நிறையவில்லையே என்று மெஷின் வால்வைத் திறந்தபடி காத்திருக்கும். நான் போன அன்று ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தோம். உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தமும், அதே நேரத்தில் டிராப்பில் ஓடும் சத்தமும் கேட்டன. கணவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெஷின் சுழலும்போது குதித்தது என்பது இன்னொரு புகார். பின்பக்கம் பார்த்தேன். நீளமான போல்ட் நான்கு, இடம் மாற்றும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பூட்டுபவை, அப்படியே இருந்தன. அண்ணன் வீட்டிலிருந்து ஏற்றியவர்கள் பொறுப்பாகப் பூட்டியிருக்கிறார்கள், இங்கே கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆட்டம் தினமும் புதுத் தரையையும் டிராப்பைச் சுற்றிப் பூசிய சிமெண்டையும் உலுக்கியது.

அப்புறம் தரை. சமையலறைக் கதவோரம் தண்ணீர் தேங்கியது. டிராப்பின் வாயை மெஷின் குழாயும் சிலிக்கோனும் அடைத்திருந்ததால், தரையில் சிந்திய தண்ணீர் போக வழியில்லை. அலமாரியின் அடிப்பாகம் ஊறி உப்பியது. ஜன்னலைச் சாத்தினால் சுவரில் முத்து முத்தாக நீர் கோத்தது.

மார்ச் மாதத்தில் கீழ்வீட்டு மக்சிக் (மூத்த மலாய்ப் பெண்மணி) மேலே வந்து கதவைத் தட்டினார். “டிக், ஆயர் மெனித்திக் டி டாப்போர்.” தம்பி, அடுப்படியில் தண்ணீர் சொட்டுகிறது என்றார். அவர் கோபப்படவில்லை, வாளி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் கூரையில் மஞ்சள் வட்டம் பெரிதானது, சாயம் உரிந்தது. அப்போதுதான் அவர் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்தார்.

அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில் மாடிக்கு மாடி கசிவு பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் ஆய்வு செய்யவேண்டும். கசிவு மேலே உள்ள வீட்டிலிருந்து வருகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும், அப்படி இல்லையென்று காட்டுவது மேல்வீட்டாரின் பாடு. கணவருக்கு இது அநியாயமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. தண்ணீர் மேலிருந்து கீழே வருவது. கீழே இருப்பவர் தன் கூரைக்கு மேல் என்ன இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பார்?

கசிவைத் தேடிய விதம்

எதையும் உடைப்பதற்கு முன் எங்கிருந்து கசிகிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். மூன்று வழிகள் இருந்தன: சுவருக்குள் போகும் நல்ல தண்ணீர்க் குழாய், டிராப்பும் அதன் கழிவுக் குழாயும், தரை. ஒவ்வொன்றாக விலக்கினோம்.

வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தோம். அதில் உள்ள சின்னச் சக்கரம் அரை மணி நேரம் அசையவே இல்லை. ஆக, நல்ல தண்ணீர்க் குழாயில் கசிவு இல்லை.

அடுத்து மக்சிக் வீட்டுக்குப் போனோம். இந்த மாதிரி அடுக்குமாடிகளில் நம் யார்டு டிராப்பின் வளைவுக் குழாய் தொங்குவது கீழ்வீட்டுக் கூரைக்கு அடியில். நம் குழாயைப் பழுது பார்க்கவே அடுத்தவர் வீட்டுக்குள் போக வேண்டும், அவர் விட்டால்தான் வேலை நடக்கும். மக்சிக் அடுப்படிச் சாமான்களை எல்லாம் நகர்த்தி வைத்து, ஏணி வைக்க இடம் செய்துகொடுத்தார். கூரைப் பலகையைக் கழற்றி, குழாயின் இணைப்புகளைத் துடைத்துக் காய வைத்தோம். மேலே தரை நனையாமல், ஒரு குழாய்த் துண்டு வழியாக வாளி வாளியாக டிராப்புக்குள் மட்டும் ஊற்றச் சொன்னேன். கீழே இணைப்புகள் உலர்ந்தே இருந்தன.

மிச்சம் இருந்தது தரை. டிராப்பின் வாயைத் துணி சுற்றிய பந்தால் அடைத்து, தரையில் ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தினோம். கதவோரம் மணல் மூட்டை வைத்தோம். சுவரில் பென்சிலால் மட்டம் குறித்தோம். பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து அதற்கும் ஒரு கோடு. காற்றில் எவ்வளவு ஆவியாகிறது என்று தெரியாவிட்டால், தரையில் குறைந்ததை எல்லாம் கசிவு என்று நினைத்துவிடுவோம். அப்புறம் அம்மா தன் சேலைக்கும் வேட்டிக்கும் போடும் நீலத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் கலந்தார். சாயப்பொடி வாங்க நினைத்திருந்தோம், அந்த நீலமே போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் வாளியின் கோடு அப்படியே இருந்தது. தரையின் மட்டம் ஒரு விரல் இறங்கியிருந்தது. கீழே, டிராப்புக் குழாய் கான்கிரீட்டைத் துளைத்து வரும் வளையத்தைச் சுற்றி ஈரம், அதன் விளிம்பில் வெளிர்நீலத்தில் ஒரு சொட்டு. மக்சிக் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

காரணம் இப்போது தெளிவு. பழைய டைல்ஸுக்கு அடியில் இருந்த நீர்த்தடுப்புப் பூச்சு, வீடு கட்டிய காலத்தது, டிராப்பின் கழுத்தோரம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. முன்பு தரையில் தண்ணீர் நிற்காமல் ஓடியதால் அது வெளியே தெரியவில்லை. இப்போது தண்ணீர் தேங்கியது, இரண்டு டைல்ஸ் அடுக்குக்கு நடுவே புகுந்தது, கழுத்தோரத்து விரிசலில் இறங்கியது.

தீர்மானங்கள்

“அண்ணே, மேலேயே எப்போக்சி அடிச்சு மூடிட முடியாதா?” என்று கணவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இடைக்கோடுகளை எப்போக்சியால் நிரப்பி, ஓரங்களில் சிலிக்கோன் போட்டால் இருநூறு முந்நூறு வெள்ளியில் முடியும். ஆனால் இரண்டு அடுக்குக்கும் நடுவே ஏற்கனவே தேங்கிய தண்ணீர் உள்ளேயே சிறைப்படும், அது வாரக்கணக்கில் கீழேதான் இறங்கும். தரையின் உயரமும் மாறாது, சரிவும் வராது.

இரண்டாவது வழி, கீழிருந்து கூரையில் துளையிட்டு, விரிசலை அடைக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) மருந்து ஏற்றுவது. இது இங்கே பலர் செய்வது. ஒரு விரிசலை அடைக்க நல்லதுதான். ஆனால் மேலே தண்ணீர் தேங்கியபடியே இருந்தால், அடைத்த இடத்தை விட்டுப் பக்கத்தில் வேறு வழி தேடும். அதோடு, துளை விழுவது மக்சிக் வீட்டில். தவறு நேர்ந்தது மேலே, அதற்கான துளை கீழ்வீட்டுக் கூரையில் என்பதை நான் பரிந்துரைக்க விரும்பவில்லை.

ஆக, மூன்றாவது வழி: இரண்டு அடுக்கையும் உடைத்து, கான்கிரீட் தெரியும்வரை எடுத்து, அடியிலிருந்து திரும்பக் கட்டுவது. கணவர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. தன் கையால் ஒட்டிய தரையை உடைக்க யாருக்குத்தான் மனம் வரும்? மறுநாள் அவரே நிர்வாக அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தார். வீட்டுக்குள் சீரமைப்பு செய்ய நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்பது சட்டத்தோடு வரும் உள்விதிகளில் இருக்கிறது. டைல்ஸை உடைத்தால் மட்டுமே அனுமதி வேண்டும் என்று அதில் பாகுபாடு எதுவும் இல்லை.

எதை அவரே செய்வது, எதற்கு ஆள் வைப்பது என்று உட்கார்ந்து பேசினோம். உடைப்பது, சரிவு போடுவது, பூச்சு, டைல்ஸ் எல்லாம் அவர். டிராப்பை மாற்றுவது பிளம்பர். மின்சாரத்தை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டே ஆகவேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை என்று சொன்னேன். சமையலறையில் எக்ஸ்டென்ஷன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. சுடுதண்ணீரில் துவைக்கும்போது மெஷினின் ஹீட்டர் மட்டுமே 2,000 வாட் அளவுக்கு இழுக்கும். அதோடு கெட்டிலும் ஓடினால், 13 ஆம்பியர் தாங்கும் பிளக்கும் வயரும் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்?

அந்தப் பேச்சின் கடைசியில் மனைவி, “அத்தை, உங்களுக்கு அங்க என்ன வேணும்னு நாங்க கேக்கவே இல்லையே” என்றார். அம்மா உடனே பதில் சொன்னார், யோசித்து வைத்திருந்தவர்போல. “குனியாம நின்னு துவைக்க ஓர் இடம் போதும். தொட்டி ஆழமா இருக்கட்டும்.” எந்த வரைபடத்திலும் இல்லாத தேவை இது. இரண்டாம் திட்டத்தின் அமைப்பே இதனால் மாறியது.

இரண்டாம் முறை

கீழ்வீட்டாருக்கு வேலை நாட்களை எழுதிக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தார்கள். வேலை முடியும்வரை துணி எல்லாம் ரோட்டோர டோபி கடைக்குப் போனது. உடைத்த கல்லையும் மண்ணையும் அரிசிப் பைகளில் கட்டி, லிஃப்ட் அழுக்காகாமல் கீழே இறக்கினார்கள். பழைய டைல்ஸ் அடியில் சிமெண்ட் ஊறிப்போய், கையால் நெருக்கினால் ஈர மணலாக உதிர்ந்தது.

பிளம்பர் பழைய டிராப்பை எடுத்து, புதியதை வைத்து, கான்கிரீட் துளையைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (சிமெண்ட் நிரப்புக் கலவை) நிரப்பினார்.

அடுத்து சரிவு. எண்பதுக்கு ஒன்று என்று வைத்தோம். ஏழடி நீளத்துக்கு அது ஏறத்தாழ 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். கணவர் நூல் கட்டி, தூரத்து மூலையிலிருந்து டிராப்பை நோக்கி மட்டம் இறக்கினார். சரிவை முதலில் போட்டு, நீர்த்தடுப்புப் பூச்சை அதன் மேல் அடித்தோம். இந்த வரிசையை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் மாற்றிச் செய்கிறார்கள். தட்டையான தளத்தில் பூச்சு அடித்து அதன் மேல் சரிவுக் கலவை போட்டால், டைல்ஸ் வழியாக இறங்கும் தண்ணீர் பூச்சின் மேல் குளமாக நின்றுவிடும். பூச்சே சரிந்திருந்தால் அந்தத் தண்ணீரும் டிராப்பைத் தேடிப் போகும்.

பூச்சு, பொடியும் திரவமும் கலக்கும் வகை. தரையும் சுவரும் சேரும் மூலை எல்லாம் முதலில் வலைத்துணி வைத்துப் பூசப்பட்டது. முதல் கோட்டை நீளவாக்கில், அது காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்குவாக்கில் அடித்தோம். சுவரில் ஓரடி உயரம் ஏற்றினோம். சமையலறை வாசலில் மூன்று அங்குலத்துக்கு ஒரு தடுப்புத் திண்டு கட்டி, பூச்சை அதன் மேலும் கொண்டுபோனோம். டிராப்பின் கழுத்துக்குள்ளும் விரல் போகும் ஆழத்துக்குத் தடவச் சொன்னேன். கணவர் தூரிகையை வைத்துவிட்டு, கையுறை மாட்டி, ஒரு துண்டு ஸ்பாஞ்சை எடுத்து உள்விளிம்பு முழுவதும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்து, ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்த இரண்டு இடத்தில் மறுபடியும் தொட்டு வைத்தார். முதல் தடவை போன தண்ணீர் அந்த வழியாகத்தான் போனது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். 24 மணி நேரமே வழக்கம். கீழே ஏற்கனவே ஒருமுறை பாதிப்பு ஏற்பட்டதால் இரட்டிப்பாக வைத்தோம். மக்சிக் காலையும் மாலையும் கூரையைப் படம் எடுத்து அனுப்பினார். எல்லாப் படத்திலும் கிரவுட் வெள்ளையாக, காய்ந்து இருந்தது. அதற்குப் பிறகே டைல்ஸ். வயதானவர் புழங்கும் இடம் என்பதால் வழுக்காத சொரசொரப்பான வகை. ஒட்டி முடித்த பின்னும் ஒருமுறை தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம்.

மெஷினுக்குச் சுவரோரம் இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை இரண்டரை அடி உயரத்துக்கு நிறுத்தி, அதன் அடியை டிராப்போடு இணைத்தார்கள். மெஷினின் கழிவுநீர்க் குழாயை நீளமானதாக மாற்றி, மேலிருந்து அரையடி உள்ளே தொங்கவிட்டார்கள். வாயை அடைக்கவில்லை, காற்றுப் புகுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குழாயே உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். டிராப்பின் வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீரே நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும், சிலிக்கோன் அந்த வேலையைச் செய்யாது. நான்கு போல்ட்டையும் கழற்றி ஒரு பையில் போட்டு மெஷினின் பின்னால் ஒட்டி வைத்தார்கள், அடுத்த முறை வீடு மாறும்போது தேவைப்படும். சரிவான தரையில் மெஷின் நேராக நிற்க அதன் கால் திருகுகளே போதுமானதாக இருந்தன.

வயர்மேன் மெஷினுக்கென்றே தனி வயர் இழுத்து, நெஞ்சு உயரத்தில், மூடியுள்ள சாக்கெட் வைத்தார். மெயின் பெட்டியில் இருந்த, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அமுக்கியபோது அது விழவில்லை. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ தெரியாது. அது 100 மில்லி ஆம்பியர் வகை. அதை மாற்றியதோடு, சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் தனியாக ஒன்று சேர்த்தார். ஈரக் கையோடு இருப்பவரைக் காப்பாற்ற 30 அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வயரிங் வேலை முடிந்ததற்கும் சோதித்ததற்குமான சான்றுப் படிவங்களான போராங் ஜி, போராங் எச் இரண்டையும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவற்றை வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொன்னேன்.

கேஸ் தோம்பு பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை இருந்தது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். மூடிய கண்ணாடி, அடைபட்ட துவாரம், பக்கத்திலேயே மின்சாரம். தண்ணீர்க் கசிவை விட்டுத்தள்ளுங்கள், இது வேறு விதமாக முடிந்திருக்கலாம். கண்ணாடியை எடுத்துவிட்டு, மேலிருந்து சுருட்டி இறக்கும் திரை போட்டார்கள். அது மழைச் சாரலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. துவாரங்கள் திறக்கப்பட்டன. தோம்பு அவற்றின் அருகே, சாக்கெட்டுக்கும் டிராப்புக்கும் எதிர் ஓரத்தில், வெளியே தெரியும்படி நிற்கிறது. ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்ததால் அதையும் ரெகுலேட்டரையும் மாற்றினார்கள்.

அலமாரி அலுமினியத்தில், சுவரில் தொங்குகிறது. அம்மாவுக்கு இடுப்புயரத்தில் ஆழமான தொட்டி. பழைய துவைகல்லைக் கணவர் பத்திரமாக வைத்திருந்தார். அதைத் தொட்டியின் ஓரத்தில் சற்றுச் சாய்வாகப் பதித்தார்.

அதன் பிறகு

இரண்டாம் முறைக்கு ஏறத்தாழ 4,700 வெள்ளி. அதில் மக்சிக் வீட்டுக் கூரையைச் சரிசெய்த செலவும் சேரும். இரண்டையும் கூட்டினால் குத்தகையாளர் கேட்ட தொகையே வருகிறது. ஆனால் அந்தக் குத்தகையாளரின் விலைப்பட்டியலைப் பிறகு பார்த்தேன். அதிலும் பழைய டைல்ஸின் மேல் புதியது என்றுதான் இருந்தது, நீர்த்தடுப்பு என்று ஒரு வரி கூட இல்லை. காசு கொடுத்திருந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பார்கள்.

கீழ்க் கூரைக்கு உடனே சாயம் பூச விடவில்லை. கான்கிரீட்டில் ஊறிய ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும். கறை வெளுத்து, தொட்டால் காய்ந்திருக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகு கறை தடுக்கும் அடிப்பூச்சு அடித்துச் சாயம் பூசினார்கள். கணவரே போய்ப் பூசினார். தீபாவளிக்கு முறுக்கும் பலகாரமும் கீழே போயின. விவகாரம் கட்டட ஆணையர் வரையோ ஸ்ட்ராத்தா தீர்ப்பாயம் வரையோ போகாமல் இருந்ததற்கு, மக்சிக் ஆய்வுக்குக் கதவைத் திறந்துவிட்டதும், மேல்வீட்டார் மழுப்பாமல் பொறுப்பேற்றதுமே காரணம்.

துவைப்பு இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. தண்ணீர்க் கட்டணம் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. செப்டம்பர், அக்டோபர் மழையில் மட்டும் இன்னும் சிரமம். திரையை இறக்கினால் துணி காய்வதில்லை. அடுக்குமாடி விதிப்படி கம்பிக்கு வெளியே கொம்பு நீட்டிக் காயப்போட முடியாது. அந்த வாரங்களில் துவைத்த துணியை டோபி கடை டிரையரில் போட்டு எடுத்து வருகிறார்கள்.

மாற வேண்டியவை

இதே வேலையை அந்தக் குடும்பம் இன்று ஆரம்பித்தால், முதலில் கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையைப் படம் எடுக்கச் சொல்வேன். பழைய கறை ஏற்கனவே இருந்ததா, டிராப்பின் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். பிறகு ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு ராத்திரி நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. பழைய பூச்சு போயிருப்பது அன்றே தெரிந்திருந்தால், மேல் டைல்ஸ் என்ற யோசனையே எழுந்திருக்காது. பூச்சு நன்றாக இருக்கும் யார்டில் கூட, சமையலறைப் படியின் உயரம் மூன்று அங்குலத்துக்குக் குறைவென்றால் டைல்ஸ் மேல் டைல்ஸ் வேண்டாம் என்பேன்.

சொந்தமாகச் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கணவரின் இரண்டாம் வேலை, கூலிக்கு வந்தவர்கள் செய்து நான் பார்த்த பல யார்டுகளைவிட நன்றாக இருக்கிறது. அவருக்குக் குறைவாக இருந்தது, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற தகவல் மட்டும்தான். அது ஹார்ட்வேர் கடையில் கிடைப்பதில்லை. பொருளை விற்பவர் பூச்சு டின்னைக் கொடுப்பார், சரிவுக்கு முன்னா பின்னா என்று சொல்ல மாட்டார்.

நிர்வாகத்திடமும் ஒன்று கேட்டேன். அவர்களின் சீரமைப்பு விண்ணப்பத்தில் வேலை நேரம், முன்பணம், குப்பை எல்லாம் இருந்தன, தண்ணீர் நிறுத்திச் சோதிப்பது பற்றி எதுவும் இல்லை. இப்போது யார்டு, குளியலறை வேலைகளுக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் நிறுத்திய தரையின் படமும், அதே நாளில் எடுத்த கீழ்வீட்டுக் கூரையின் படமும் தரவேண்டும். அவை வந்த பிறகுதான் முன்பணம் திரும்பக் கிடைக்கும்.